பொண் சோடிக்கிற வீட்டு நம்பர்

கல்முனைப் பக்கத்து எங்கள் ஊர்களில் கலியாணம் முடிந்தால் வீடு மாறுவது மாப்பிள்ளைதான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வார்கள். மகளைப் பெற்றவளுக்குக் கடைசிவரை வீட்டில் ஆளிருக்கும். எனக்கு இரண்டும் ஆண். மூத்தவன் பொத்துவிலுக்குப் போனான், இளையவன் மருதமுனைக்குப் போனான். இரண்டு பேருக்கும் நானே முகம் துடைத்துவிட்டு, அத்தர் பூசி, கார்க் கதவைச் சாத்தி அனுப்பினேன். ஊரே பார்க்கச் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து, வாசலில் கிடந்த பழைய செருப்புகளை எடுத்து வைக்கும்போதுதான் அழுகை வந்தது.

என் தொழிலோ பொண் சோடிப்பது, கலியாணப் பெண்ணுக்கு முகம் பூசி, சாரி உடுத்திவிடுவது. அடுத்த வீட்டு மகள்களையெல்லாம் சோடித்துச் சோடித்து, எனக்கொரு மகள் இல்லாததை முப்பது வருடமாக மறந்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி, சுழலும் கதிரை ஒன்று, உம்மாமாரும் ராத்தாமாரும் உட்கார நீள வாங்கு ஒன்று. வாசலில் தடித்த திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஆண் காற்றும் வரக்கூடாது. கல்முனையில் எந்த ஆட்டோக்காரரிடமும் ‘பொண் சோடிக்கிற வீடு’ என்றால் மறு கேள்வி கேட்காமல் கொண்டுவந்து இறக்குவார்.

என் கணவர் பள்ளிக்கூட அலுவலகமொன்றில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் படிவத்தைக் கண்டாலும் நிரப்பாமல் விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு நிரப்புவதற்குப் படிவம் கிடைக்காமல் தவித்தவருக்கு, கடைகளைத் தேடுபொறியில் பதிவு செய்யலாம் என்ற செய்தி எங்கிருந்தோ கிடைத்தது. டெப் கணினியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். கடையின் பெயர், திறக்கும் நேரம், வரைபடத்தில் எங்கள் வீட்டுக் கூரை எல்லாவற்றையும் போட்டார். தொலைபேசி எண் என்று கேட்ட இடத்தில் தன்னுடையதைப் போட்டார்.

“கடை என்டதானே? நம்பர் உங்கடயா?” என்று கேட்டேன்.

“பொண்டுகள்ட நம்பர ஊருக்கெல்லாம் போடப்படாது. கண்டவனும் எடுப்பான். என்டய போட்டா நான் வடிச்சி உனக்குத் தருவன்” என்றார்.

அப்படித்தான் வடித்தும் தந்தார். அழைப்பு வந்தால் முதலில் தொண்டையைச் செருமுவார். பிறகு, “ஓம், பொண் சோடிக்கிற வீடுதான். கொஞ்சம் பொறுங்க, உள்ளுக்குக் குடுக்கன்” என்பார். போகப்போக உள்ளுக்குத் தருவதும் குறைந்துவிட்டது. காவின் எழுதிக் கலியாணம் முடிப்பது எத்தனை மணிக்கு, மருதோண்டி முழங்கை வரைக்கா மணிக்கட்டு வரைக்கா, எல்லாம் அவரே கேட்டுக் கொப்பியில் எழுதிவிடுவார். பெண்கள் அவருக்குப் ‘பார்லர் காக்கா’, அதாவது பார்லர் அண்ணன், என்று பட்டம் வைத்தார்கள். கேட்டால் கோபப்படுவது போல் நடிப்பார், உள்ளூரப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தாரென்றால் அந்த நம்பர் வேறொரு வேலை பார்க்கும். பொத்துவிலிலிருந்து மூத்தவன் எடுப்பான். வாப்பாவும் மகனும் அரை மணித்தியாலம் கதைப்பார்கள். குத்பாவில் என்ன சொன்னார்கள், அறுகம்பேயில் வெள்ளைக்காரர் வரத் தொடங்கியாச்சா, கடல் எப்படி. கடைசியில் அவன், “உம்மாட்ட குடுங்க” என்பான். என்னிடம் வந்ததும், “சாப்பிட்டீங்களா” என்பான். “ஓம்” என்பேன். “சரி உம்மா.” அவ்வளவுதான் என் பங்கு. சோறு அவருக்கு, அடிச்சட்டிக் கருக்கல் எனக்கு என்று நான் சிலவேளை முணுமுணுத்ததுண்டு.

ஒரு விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் திரும்பி உட்கார்ந்தார், பிறகு எழும்பவில்லை. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு ஏலாது.

கணவன் மவுத்தானால் எங்களுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. வெளியே போவதில்லை, சோடித்துக்கொள்வதில்லை, வேற்று ஆண்கள் முன்னால் வருவதில்லை. ஊரைச் சோடித்தவள் வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தேன். யாரோ வந்து முன்னறைக் கண்ணாடியில் பெட்ஷீட்டைப் போட்டு மூடினார்கள். கடைப் பலகையை இளையவன் கழற்றி உள்ளே சாத்தினான். அவருடைய போனை அணைத்து, அவருடைய தொப்பியோடும் மூக்குக் கண்ணாடியோடும் சேர்த்து அலுமாரி லாச்சிக்குள் நானே வைத்தேன்.

இத்தா முடிந்த கிழமையே பலகையைத் திரும்பக் கொழுவினேன். கண்ணாடியைத் துடைத்தேன், கதிரைக்கு எண்ணெய் விட்டேன், வாங்குக்குப் புது விரிப்புப் போட்டேன். ஒருவரும் வரவில்லை. ஒருவரும் என்றால், பேஷியல் செய்து முகம் கழுவிக்கொள்ளப் பழக்கப்பட்ட நாலைந்து பேர் எப்போதாவது வந்தார்கள். பொண் ஒன்றுகூட வரவில்லை. இரண்டு மாதம் போயிற்று, மூன்று போயிற்று. காலையில் திரையை இழுத்துவிட்டுச் சுழலும் கதிரையில் நானே உட்கார்ந்திருப்பேன். எதிரில் கண்ணாடியில் ஒருத்தி இருப்பாள். அவளுக்குச் செய்யவும் எனக்கு மனம் வராது.

எனக்குத்தான் புத்தி கோணலாக ஓடும். புருஷன் இல்லாதவளின் கை, புதுப் பொண்ணின் கன்னத்தில் படக்கூடாது என்று நினைக்கிறார்கள் என முடிவு கட்டினேன். மார்க்கத்தில் அப்படி ஒன்றுமில்லை. மார்க்கத்தில் இல்லாததெல்லாம் மனதில் இருக்குமல்லவா. எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் மனதுக்குள் நிறுத்தி வைத்து ஏசினேன். உன் மூத்தவளைச் சோடித்தவள் யார், உன் மருமகளுக்கு முகப்பரு வந்தபோது மஞ்சள் அரைத்தவள் யார் என்று. வாயால் கேட்டிருந்தால் பதிலாவது வந்திருக்கும். நான் கேட்கவில்லை. கலியாண வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் இளையவன் வந்து வாங்கில் உட்கார்ந்தான். வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

“உம்மா, தனிய இருந்து என்ன செய்யப் போறீங்க? ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சா வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்து இருங்க. முன்னறைய ஆருக்கும் கடைக்குக் குடுப்பம்.”

“காக்கா என்ன செல்றான்?”

“அவர் ஒண்டும் செல்லல்ல.”

ஒன்றும் சொல்லாதவன் சரியென்றுதான் சொல்லியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இளையவன் சொன்ன ‘எங்களோட’ என்பது மருமகளின் உம்மா வீடு. நல்ல மனுசி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குசினிக்கு ஒரு உம்மாதான் பொருந்தும். அங்கே போனால் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே நான் கிழவியாகிவிடுவேன். கோபம் வந்தது, ஆனாலும் அவனிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். பெருநாளைக்குள் புதுசாக ஒரு பொண் இந்த வாசலுக்கு வரட்டும், வந்தால் நான் இங்கேதான். வராவிட்டால் நீ வான் வண்டியைக் கொண்டு வா, பேசாமல் ஏறுவேன்.

பெருநாளுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

மூன்றாம் வீட்டுப் பெண்ணின் காவின் அந்தக் கிழமை. அவளைச் சோடிக்க மெயின் ரோட்டுக் கடையொன்றுக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். என் வாசலைத் தாண்டித்தான் ஆட்டோ போயிற்று. பொறுக்க முடியாமல், பிறகு அவளுடைய உம்மாவைப் பாமசியில் மருந்துக்கு நிற்கக் கண்டபோது கேட்டேவிட்டேன்.

“நான் இரிக்கிறது உங்களுக்குத் தெரியாதா கா?”

அவர் திடுக்கிட்டார். “நீங்க திரும்பத் தொடங்கிட்டீங்களா? ஒங்களக் கரச்சல் படுத்தப்படாது எண்டெல்லா இருந்தம். மகள்தான் போன்ல தேடினவ. அதுல வந்த கடைக்குப் போனம்.”

இதை நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை. ஆனால் ‘போன்ல தேடினவ’ என்ற சொல் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. கைராசியை நான் மாற்ற ஏலாது. போனில் வருவதை மாற்றலாம் போலிருந்தது.

அவருடைய டெப்பை எடுத்துச் சார்ஜில் போட்டேன். கடைப் பதிவு அதில் அப்படியே இருந்தது. மற்றதை வீடியோ பார்த்துத்தான் கற்றேன். இந்தியாவிலிருந்து ஒருவர் சுத்தமான தமிழில் பாடம் எடுத்தார். வாடிக்கையாளர் எந்தச் சொல்லால் தேடுவாரோ அந்தச் சொல்லை உங்கள் பதிவில் எழுதுங்கள், நல்ல படங்களைப் போடுங்கள், வந்து போனவர்களைப் பாராட்டி எழுதச் சொல்லுங்கள். மூன்றே விஷயம். மூன்றிலும் நான் சறுக்கினேன்.

முதலில் சொல். எழுத்தென்றால் புத்தகத் தமிழில் இருக்க வேண்டுமென்று எனக்குள் பள்ளிக்கூடப் பயம் ஒன்று இருக்கிறது. ‘மணமகள் அலங்காரம், மருதாணி இடுதல், முக ஒப்பனை’ என்று கட்டுரை எழுதுவது போல் எழுதினேன். என் போனில் தேடிப் பார்த்தால் சென்னையில் உள்ள கடைகளெல்லாம் வந்தன, நான் வரவில்லை. இரண்டு கிழமை இப்படியே ஓடிற்று. ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பிள்ளை போனை வாயருகே பிடித்துக்கொண்டு, “கல்முனையில மருதோண்டி போடுற இடம்” என்று அதனிடம் சொன்னாள். எனக்கு நெற்றியில் அடித்தது போலிருந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவள் மருதாணி என்றாள்? எவளை அலங்கரித்தார்கள்? எல்லாரையும் சோடித்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டுரையை அழித்தேன். ‘பொண் சோடிக்கிற வீடு. மருதோண்டி போடுற இடம்’ என்று, வாயில் வருவதை வந்தபடியே எழுதினேன். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அடிக்கிற மாதிரியும் எழுதினேன்.

அடுத்தது படம். எங்கள் பக்கத்தில் பொண்ணின் முகத்தை ஊருக்குக் காட்ட எந்த உம்மாவும் சம்மதிக்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். முகமில்லாமல் முக அழகை எப்படிக் காட்டுவது என்று வீடியோக்காரர் சொல்லித் தரவில்லை. கையைக் காட்டலாம். ஆனால் கைக்கு எங்கே போவது, வாங்கு வெறுமையாகக் கிடக்கிறதே. கடைசியில் என் வலது கையால் என் இடது கைக்குப் போட்டேன். உள்ளங்கையில் ஒரு நாள், அது மங்குமுன் புறங்கையில் ஒரு நாள், பிறகு முழங்கை வரைக்கும். யன்னல் வெளிச்சத்தில் தலையணை உறைமேல் வைத்துப் படம் எடுத்தேன். பார்ப்பவர்களுக்கு எத்தனையோ பொண்களின் கைகள். எனக்குத் தெரியும், எல்லாம் ஒரே கை.

சிவந்த கையோடு மீன் வாங்க நின்றபோது பக்கத்து வீட்டு மாமி கண்ணைச் சுருக்கினார்.

“என்ன புள்ள, கை செவந்திரிக்கி? எங்கயும் பேசி வந்திரிக்காங்களா?”

மறுமணமாம். “ஓம் மாமி, மாப்பிள்ள போனுக்குள்ள இரிக்கார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசி, பாராட்டு. நான் பொண் சோடித்த பழைய பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கெஞ்சினேன். “எழுதுறம் ராத்தா, அதுக்கென்ன” என்றார்கள். எழுதினார்கள்தான். ஆனால் தங்கள் பெயர் பொதுவில் வருவது கூச்சமாக இருந்ததால், ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தது போல, எல்லாரும் புருஷன்மாரின் போனிலிருந்து எழுதிவிட்டார்கள். டெப்பைத் திறந்தால், தாடி வைத்த ஒரு மீன் முதலாளியின் படம். அதன் கீழே: ‘என்ட முகம் நல்ல வெளிச்சமா வந்திச்சி, மாஷா அல்லாஹ்.’ அதற்குக் கீழே லொறிக்குமுன் நிற்கும் இன்னொருவர்: ‘சாரி உடுத்தின விதம் எல்லாருக்கும் புடிச்சிச்சி.’ பெண்களுக்கு மட்டும் என்று பெரிதாக எழுதியிருக்கும் கடை, புகழ்பவர்கள் எல்லாம் ஆண்கள்.

வயிறு நோகச் சிரித்தேன். அவர் போன பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே டெப்பைத் தூக்கிக்கொண்டு, “இஞ்ச பாருங்களன்” என்று உள்ளறை வாசல் வரைக்கும் போய்விட்டேன். கட்டில் விரித்தபடி கிடந்தது. இப்படியொன்றைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லாதது, சாப்பிட ஆளில்லாததைவிடக் கொடுமை. அன்று மூத்தவனுக்கு எடுத்துச் சொல்லலாமா என்று நினைத்தேன். சாப்பிட்டீங்களா என்பான், ஓம் என்பேன். எடுக்கவில்லை.

ஆனால் சொல் வேலை செய்தது. ஒரு காலை தேடிப் பார்க்கிறேன், நான்தான் முதலில். என் வீட்டுக் கூரை, என் இடது கை, என் தாடிக்காரர்கள். வேறு யாரும் ‘பொண் சோடிக்கிற’ என்று எழுதியிருக்கவில்லை, அதனால் எனக்குப் போட்டியுமில்லை. அன்றிலிருந்து என் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. குளிக்கப் போனாலும் கதவோரம் வைத்துவிட்டுப் போவேன். தொழும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சலாம் கொடுத்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

போன் அடிக்கவில்லை. ஒரு மாதம் அடிக்கவில்லை. அப்படியானால் நான் ஆரம்பத்தில் நினைத்ததுதான் சரி, ஆட்கள் காண்கிறார்கள், கண்டும் வேண்டாமென்று போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பெட்டியில் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன். பெருநாளுக்குப் பத்து நாள்தான் மிச்சம்.

ஒரு வியாழக்கிழமை டெப்பில் ஒரு செய்தி வந்து நின்றது. ‘கடந்த மாதம் முப்பத்தொரு பேர் உங்கள் பதிவிலிருந்து உங்களை அழைத்திருக்கிறார்கள்.’

எனக்கு வந்த ஆத்திரத்தில் டெப்பைச் சுவரில் அடித்திருப்பேன். முப்பத்தொரு பேராம். நெஞ்சோடு போனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், பொய்யும் ஒரு அளவுக்குச் சொல்ல வேண்டாமா. முறைப்பாடு எழுதுவதென்று பதிவைத் திறந்தேன். தங்கள் தொலைபேசி எண்ணைச் சரிபாருங்கள் என்றது. சரிபார்க்க என்ன இருக்கிறது, எங்கள் நம்பர்தானே என்று வாய்விட்டு வாசித்தேன். ஒவ்வொரு இலக்கமாக வாசித்து, கடைசி இரண்டில் நின்றுவிட்டேன்.

எங்கள் நம்பர்தான். பிள்ளைகளின் கலியாணக் கார்டில் போட்ட நம்பர், காஸ் புத்தகத்தில் உள்ள நம்பர், நான் தூக்கத்திலும் சொல்லக்கூடிய நம்பர். அவருடைய நம்பர். இரண்டு மாதமாக அந்தப் பக்கத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். சொல்லை மாற்றினேன், படத்தை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன். நம்பரைத் தொட வேண்டுமென்று தோன்றவேயில்லை. பெண்ணின் நம்பரை ஊருக்குப் போடக்கூடாது என்று அவர் போட்டது. ஊரிலுள்ள பொண்களெல்லாம் லாச்சிக்குள் தொப்பிக்கடியில் கிடந்த போனுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லாச்சியைத் திறந்தேன். தொப்பியில் இன்னும் அவருடைய எண்ணெய் வாசம் இருந்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாளில் சிம் செத்துப் போயிருக்குமென்றுதான் நினைத்தேன். ரீலோட் காசு போடாத சிம்மைக் கம்பெனிக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். ஆனால் திரை வெளிச்சமாகி, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. பிறகு செய்திகள் விழத் தொடங்கின. பழையவை அழிந்துபோயிருக்க வேண்டும், கடைசி இரண்டு கிழமைக்குரியவைதான் வந்தன. இன்ன நம்பர் உங்களை அழைத்தது, இன்ன நம்பர் உங்களை அழைத்தது. எல்லாம் தெரியாத நம்பர்கள்.

நடுவில் ஒரு செய்தி வேறு மாதிரி இருந்தது. இந்த நம்பருக்கு ரீலோட் போடப்பட்டிருக்கிறது என்றது. யார் போட்டது என்று அதில் இல்லை. கடைக்காரர் இலக்கம் மாறிப் போட்டிருப்பார் என்று தள்ளிவிட்டு, அழைத்தவர்களைத் திருப்பி எடுக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் வேறு கடை பேசிவிட்டார்களாம். ஒருத்தி, “நம்பர் வேல செய்யல்ல, கடைய மூடிட்டாங்க எண்டு நெனச்சம்” என்றாள். நாலாவது, இறக்காமத்திலிருந்து ஒரு உம்மா.

“நீங்கதானா அந்த மருதோண்டிக் கை போட்ட ஆக்கள்? என்ட மகள் அந்தக் கையப் பாத்திட்டு வேற ஆரும் வேணாங்கிறா. மூணு தரம் எடுத்தம். பெருநாள் கழிஞ்ச ஞாயிறு காவின், உங்களுக்கு ஏலுமா?”

“ஏலும்” என்றேன். செருமினேன். அவர் செருமுகிற மாதிரியே இருந்தது. நாளைக் காலையிலேயே மகளைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார். கைராசியாம், ஒழுங்கையாம். ஐந்து மாதமாக ஒரு குற்றமும் அறியாத சனங்களை நிறுத்தி வைத்து ஏசியிருக்கிறேன்.

பிறகுதான் மிச்சச் செய்திகளைப் பார்த்தேன். இரண்டு மட்டும் நம்பராக இல்லாமல் பெயராக இருந்தன. அவர் சேமித்து வைத்த பெயர்: ‘மூத்த மகன்’. இரண்டும் வெள்ளிக்கிழமை. இரண்டும் ஜும்மா முடிகிற நேரம். ரீலோட் போட்டது யாரென்று அப்போது விளங்கிற்று.

மறுநாள் காலை இறக்காமத்துப் பிள்ளை உம்மாவோடு வந்தாள். வாங்கில் ஆள் இருந்தது. கதிரையில் ஆள் இருந்தது. அவள் என் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் போனதும் இளையவனுக்கு எடுத்து, வான் வேண்டாம் என்றேன். அவன், “சரி உம்மா” என்றான். அவன் குரலில் ஆறுதல் இருந்ததா கவலை இருந்ததா என்று நான் தோண்டவில்லை.

அடுத்தது நம்பரை மாற்றும் வேலை. டெப்பில் அவருடைய நம்பரை அழித்து என்னுடையதை எழுதினேன். உறுதிப்படுத்தப் பழைய நம்பருக்கு ஓர் இரகசிய இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதை எழுதுங்கள் என்றது. அவருடைய போனைக் கையில் எடுத்தேன். இலக்கம் வந்திருந்தது. எழுதப் போகும்போது போன் அடித்தது.

மூத்த மகன் என்று காட்டிற்று. வெளியே ஜும்மா முடிந்து ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. நான் எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு மாதமாகப் பழகி வைத்திருந்த வார்த்தை வாயில் தானாக வந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும். பொண் சோடிக்கிற வீடு.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நெடுநேரம். அவன் கடலோரம் நின்றிருக்க வேண்டும், காற்று இரைந்தது.

“உம்மாவா?” என்றான்.

“ஓம் மகன்.”

“ரிங் போச்சி உம்மா. எப்பவும் போறல்ல. இன்டைக்கி போச்சி.” பெரிய ஆள், இரண்டு பிள்ளைக்கு வாப்பா, சின்ன வயதில் காய்ச்சலோடு அழுவது போல அழுதான். நான் தடுக்கவில்லை.

“ஒவ்வொரு வெள்ளியும் எடுத்தியா?” என்று கேட்டேன்.

“எடுக்காம இரிக்க ஏலா. நம்பர வெட்டிருவாங்க எண்டு ரீலோட்டும் போட்டன்.”

“எனக்கு எடுத்திரிக்கலாமே மகன்.”

“உங்களோட என்னத்தக் கதைக்கிறண்டு தெரியல்ல உம்மா.”

நோகத்தான் செய்தது. ஆனால் அது உண்மை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் மீன் முதலாளியின் தாடியையும் ‘என்ட முகம் நல்ல வெளிச்சமா வந்திச்சி’ என்பதையும் சொன்னேன். அழுகைக்கு நடுவில் சிரித்தான். வாப்பா சிரிப்பது போலவே மூக்கால் சிரித்தான். பிறகு கேட்டான்.

“உம்மா, இந்த நம்பர என்ன செய்யப் போறீங்க?”

டெப்பைப் பார்த்தேன். இலக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. “ஒண்டும் செய்யல்ல, அப்படியே இரிக்கட்டும்” என்று சொல்லி அந்தப் பக்கத்தை மூடினேன்.

கடைக்கு இன்றும் அந்த நம்பர்தான். பொண்களின் உம்மாமார் எடுப்பார்கள், நான் செருமிவிட்டுக் கதைப்பேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மூத்தவன் எடுப்பான். என் போனும் பக்கத்தில்தான் கிடக்கும், அதற்கு அவன் எடுப்பதில்லை. எடுத்தவுடன் அவன் கதைக்கமாட்டான். நானும் எடுத்தவுடன் சலாம் சொல்வதில்லை. முதல் கொஞ்ச நேரம் அவன் வாப்பாவுக்கு எடுத்த அழைப்பு, எனக்கு வந்ததல்ல. அது முடியும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பேன்.